டோக்கன் 47

காலை எட்டு மணிக்குத்தான் அந்த க்ளினிக்கில் போனை எடுப்பார்கள். ஏழு ஐம்பத்தொன்பதுக்கு அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். எட்டு ஒன்றுக்கு அடித்தால் பிசி. அதனால் டோக்கன் போடுகிற நாளில் எங்கள் வீட்டில் இரண்டு போன் வேலை செய்யும். ஒன்று என் கையில். இன்னொன்று என் மகன் கையில். யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, தட்டில் இருக்கிற இட்லியைத் தொடாமல், திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருப்பான். போன மாதம் அவனுக்குத்தான் லைன் கிடைத்தது. "அம்மா, அம்மாச்சிக்கு நாப்பத்தேழு!" என்று சத்தம் போட்டுச் சொன்னான். முதல் முப்பது டோக்கன் விடியற்காலையிலேயே க்ளினிக் வாசலில் வந்து நிற்கிறவர்களுக்குப் போய்விடும். மிச்சம்தான் போனுக்கு.

நாற்பத்தேழு என்றால் ராத்திரி பத்தரைக்கு மேல் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கணக்கு தெரியும். ஆனால் சீட்டில் எழுதித் தருகிற நேரம் மாலை 5.30. ஒன்றாம் நம்பருக்கும் 5.30தான், அறுபதாம் நம்பருக்கும் 5.30தான்.

அம்மாவுக்கு 68 வயது. முடக்குவாதம். டாக்டர் சீட்டில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று இருக்கும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற நோய். மதுரையில் ஒரு மூட்டுவாத டாக்டரம்மாவிடம் மூன்று வருடமாகப் பார்க்கிறோம். இரண்டு, இரண்டரை மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு போக வேண்டும்.

இந்த நோய்க்காரர்களை அதிக நேரம் உட்கார வைக்கக் கூடாது. காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மடங்காது என்று பலருக்குத் தெரியும். பகலிலும் அப்படித்தான், அசையாமல் இருந்தால் மூட்டு பிடித்துக்கொள்ளும். க்ளினிக் ஹாலில் இருப்பது மூன்று பேர் உட்காரும் இரும்பு நாற்காலி வரிசை. கைப்பிடி இல்லாத இடம் கிடைத்தால் எழுந்திரிக்கக் கையை ஊன்ற வழியில்லை. அம்மா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வருவாள். அவள் வருவதற்குள் இடம் போய்விடாமல் இருக்க என் பை அங்கே இருக்கும்.

நான் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். எத்தனை மணிக்குப் போனோம், எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், உள்ளே எவ்வளவு நேரம். முதல் தடவை கோபத்தில் எழுதினேன், அப்புறம் பழக்கமாகிவிட்டது. மூன்று வருடத்தில் பதினான்கு தடவை. குறைந்தபட்சக் காத்திருப்பு ஒரு மணி நாற்பது நிமிடம். அது தீபாவளிக்கு முந்தின வாரம், கூட்டமே இல்லை. அதிகபட்சம் ஐந்து மணி பத்து நிமிடம். உள்ளே இருந்தது ஆறு நிமிடத்திலிருந்து பதினொரு நிமிடம் வரை.

இந்த நோட்டைப் பார்த்துவிட்டு என் தங்கை கேட்டாள்: "அஞ்சு மணி நேரம் உக்காந்து ஆறு நிமிசமா? வேற டாக்டரப் பாக்க வேண்டியதுதானே?" அவளுக்கு நான் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில், அந்த டாக்டரம்மாவை நாங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஒரு காத்திருப்பு இருந்தது. ஹாலில் உட்கார்ந்த நேரத்தை எல்லாம் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது. அம்மாவுக்கு விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தபோது வயசாகிவிட்டது என்றார்கள். வலி மாத்திரை தந்தார்கள். எண்ணெய் தேய்த்தோம். எலும்பு டாக்டரிடம் போனோம், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார். எட்டு மாதம் கழித்துத்தான் ஒருவர், "இது மூட்டுவாத டாக்டர் பாக்க வேண்டிய கேஸ்" என்று எழுதிக் கொடுத்தார். அங்கே முதல் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க இன்னும் ஐந்து வாரம். முடக்குவாதத்தில் ஆரம்ப மாதங்கள்தான் முக்கியம். அப்போதே சரியான மருந்தைத் தொடங்கினால் எலும்பு அரிப்பைப் பெருமளவு தடுக்கலாம். அரித்துப் போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அம்மாவின் வலது கை மோதிர விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒன்பது மாதம் எனக்கு ஞாபகம் வரும். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு கையிலும் ஒரே மாதிரி கணுக்கள் வீங்கி, காலையில் அரை மணி, ஒரு மணி நேரம் பிடிப்பு இருந்தால், தயவுசெய்து வயசு என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, உள்ளே நடப்பது. டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்து ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்ப்பார். விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால். மொத்தம் 28 மூட்டு என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. எத்தனையில் வலி, எத்தனையில் வீக்கம் என்று எண்ணி, ரத்த ரிப்போர்ட்டோடு சேர்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வார். "மாவு பிசைய முடியுதாம்மா? ஜாக்கெட் ஹூக் போட முடியுதா?" என்று கேட்பார். அம்மா பதில் சொல்லி முடிக்கிற வரை எழுத மாட்டார். இதற்கு ஆறு நிமிடமாவது ஆகும். புது நோயாளி என்றால் இருபது நிமிடம்.

2017இல் 67 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. பொது மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் சராசரி நேரம் பங்களாதேஷில் 48 விநாடி, ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிடம், இந்தியாவில் சுமார் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தோடு ஒப்பிட்டால் எங்களுக்குக் கிடைக்கிற ஆறு நிமிடம் பெரிய விஷயம். எனக்கு முன்னால் போன நாற்பத்தாறு பேருக்கும் அந்த ஆறு நிமிடம் கிடைத்திருக்கிறது. அதைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது, ஏனென்றால் குறைத்தால் அம்மாவுக்கும் குறையும். ஹாலில் யாராவது "உள்ள போனவங்க வரவே மாட்டேங்கறாங்க" என்று முணுமுணுத்தால், நான் அந்த முணுமுணுப்பில் சேருவதில்லை.

ஆனால் கணக்கு கணக்குதான். அறுபது பேர், ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால் ஆறு மணி நேரம். டாக்டரம்மா காலையில் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்துவிட்டு, வழியில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் படுத்திருக்கிற நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர். ஆறு மணிக்கு ஆரம்பித்தாலே பன்னிரண்டு ஆகும். இது தெரிந்தும் அறுபது பேரையும் ஐந்தரைக்கு வரச் சொல்வதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இது புதுப் பிரச்சினையும் கிடையாது. பிரிட்டனில் 1948இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே ஆஸ்பத்திரிகளில் புறநோயாளிகள் கூட்டம் நிரம்பி வழிந்தது. நார்மன் பெய்லி என்ற புள்ளியியலாளர் 1952இல் அந்தக் காத்திருப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். டாக்டர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் நோயாளிகளை முன்கூட்டியே குவித்து வைக்கிறார்கள் என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. அவர் சொன்ன வழி எளிமையானது. ஆரம்பத்தில் இரண்டு பேரை வரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு, ஒரு ஆளுக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் ஆகிறதோ அத்தனை நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக வரச் சொல்லுங்கள். டாக்டர் சும்மா இருக்கிற நேரமும் பெரிதாக அதிகரிக்காது, நோயாளியின் காத்திருப்பும் வெகுவாகக் குறையும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு நோட்டும் ஒரு கடிகாரமும் போதும். அவர் இதைச் சொல்லி எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இதையே நான் ஒருநாள் கவுண்டரில் இருக்கிற பெண்ணிடம் சொன்னேன். "அக்கா, லேட்டா வரச் சொன்னா பாதிப் பேரு வரமாட்டாங்க. டாக்டர் சீக்கிரம் வந்துட்டாங்கன்னா ஆள் இருக்காது, என்னைத்தான் திட்டுவாங்க" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டாக்டர் வருகிற நேரம் அவளுக்கே தெரியாது. அறுபது பேரும் அவளிடம்தான் வந்து "எப்ப வருவாங்க" என்று கேட்கிறார்கள். அவள் "வந்துட்டே இருக்காங்க" என்கிறாள். அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட ஒரே பதில் அது.

சரியான பதில் கிடைக்காத இடத்தில் நோயாளிகள் தாங்களே ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். க்ளினிக்குக்கு எதிரே ஒரு டீக்கடை. டீ மாஸ்டருக்கு எல்லாம் தெரியும். டாக்டரம்மாவின் கார் வந்துவிட்டதா, எத்தனையாவது நம்பர் ஓடுகிறது, இன்றைக்குப் புது கேஸ் அதிகமா என்று கடையிலிருந்தே சொல்வார். பழைய நோயாளிகள் பல பேர் போனில் அவர் நம்பர் இருக்கிறது. "அண்ணே, எத்தன ஓடுது?" என்று கேட்டால், வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்து, "இப்பத்தான் இருவத்திரெண்டு போகுது, நீங்க ஒம்பதுக்கு வாங்க" என்பார். உள்ளூர்க்காரர்களுக்கு இது பெரிய உதவி. எங்களுக்கும்தான். ஆட்டோவில் இருபது நிமிடத்தில் போய்விடலாம். ஐந்தரைக்குப் போய் உட்காராமல் வீட்டில் அம்மாவுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்து, சாப்பிட வைத்துக் கூட்டிப் போகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு அந்த வழி இல்லை. இதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு மனசு கனத்துப் போகிறது. பேரையூர்ப் பக்கத்திலிருந்து, நத்தம் பக்கத்திலிருந்து, சிவகங்கையிலிருந்து வருகிறார்கள். பெண்கள் டவுன் பஸ்ஸில் காசு கொடுக்காமல் வந்துவிடலாம். 2021 மே மாதத்திலிருந்து அது உண்டு. ஆனால் ஊருக்குள் போகிற கடைசி டவுன் பஸ் ஒன்பது, ஒன்பதரைக்குப் போய்விடும். அதை விட்டால் பெரிய பஸ்ஸில் ரோடு வரை போய், அங்கிருந்து ஆட்டோ. அந்த ஆட்டோக் காசு ஒரு நாள் கூலி. எட்டு மணி ஆனதும் ஹாலில் அவர்கள் முகம் மாற ஆரம்பிக்கும். கவுண்டருக்குப் போவார்கள், வருவார்கள். போன் பண்ணி யாரையாவது ரோட்டுக்கு பைக் எடுத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். ஒன்பது மணிக்கு மேல் சிலர் டாக்டரைப் பார்க்காமலே எழுந்து போய்விடுவார்கள். ஒரு நாள் கூலி போயிருக்கும், ரத்தப் பரிசோதனைக்குக் காசு கட்டியிருப்பார்கள். அந்த ரிப்போர்ட் யாராலும் பார்க்கப்படாமல் பையில் திரும்பப் போகும்.

அப்படி யாராவது எழுந்தால் அம்மா விட மாட்டாள். "எங்க போறீங்க? எத்தனாம் நம்பரு?" என்று கேட்டு, எங்கள் நம்பர் முன்னால் இருந்தால் மாற்றிக் கொடுத்துவிடுவாள். "நமக்கு என்ன, இங்கனதான வீடு." முதலில் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், மகன் வீட்டில் தனியாக இருப்பான். இப்போது நானே கேட்கிறேன். ஹாலில் இன்னும் நாலைந்து உள்ளூர்க் குடும்பங்கள் இப்படி மாற்றிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கவுண்டரில் ஆட்சேபணை சொல்வதில்லை, நம்பர் வரிசை கெடாமல் இருந்தால் சரி என்கிறார்கள்.

அம்மாவின் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வருட அனுபவத்தில் சேர்ந்த பை அது. சின்னத் தலையணை ஒன்று, இரும்பு நாற்காலிக்கு. ஃபிளாஸ்க்கில் வெந்நீர். எவர்சில்வர் டப்பாவில் நாலு இட்லி, மிளகாய்ப்பொடி தடவியது. ஒரு துண்டு. ரிப்போர்ட் ஃபைல், பழையது அடியில், புதியது மேலே. சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டை அப்படியே. பெயர் எழுதிய சீட்டைவிட அட்டையைக் காட்டுவது நல்லது, டாக்டரம்மா வாங்கிப் பார்ப்பார். கேட்க வேண்டிய மூன்று கேள்விகள், போன சீட்டின் பின்பக்கத்தில். நாலு மணி நேரம் உட்கார்ந்த பிறகு உள்ளே போனால் என்ன கேட்க வந்தோம் என்பது மறந்துபோகும், நிறையப் பேர் வெளியே வந்து தலையில் அடித்துக்கொள்வார்கள். அதனால் அம்மா எழுதச் சொல்லிவிடுவாள். அப்புறம் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய். அது அம்மாவுக்கு இல்லை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு வேர்த்து, கை நடுங்கியது. எட்டு மணிக்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிடலாம் என்று நம்பி இன்சுலின் போட்டுவிட்டு வந்திருந்தார். யாரிடமோ இருந்த மிட்டாயைக் கொடுத்துத்தான் நிமிர்ந்தார். அன்றிலிருந்து கடலை மிட்டாய் பையில் இருக்கிறது.

மருந்துக் கம்பெனி ரெப் தம்பிகளும் எங்களோடுதான் காத்திருக்கிறார்கள். தோளில் கனமான பை, கழுத்தில் டை, உட்கார இடம் கிடைக்காமல் சுவரோரமாக நிற்பார்கள். நாலைந்து நோயாளிகளுக்கு நடுவில் ஒருவரை உள்ளே விடுவார்கள். ஹாலில் சிலருக்கு அவர்கள் மேல் கோபம். ஆனால் அவர்கள் உள்ளே இருப்பது ஒரு நிமிடம்தான், என் நோட்டில் இருக்கிறது.

இனிமேல் சொல்லப் போவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

போன வருடம், ஆடி மாதம். எங்களுக்கு 31. பக்கத்தில் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், பேரையூர்ப் பக்கத்துக் கிராமம். கூட வந்தவர் யாரும் இல்லை. துண்டை வாயில் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தார். நாங்கள் போய் ஒரு மணி நேரம் கழித்து அம்மா ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கி ஒரு வாய் வைத்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"என்னம்மா, சூடா இருக்கா?"

"இல்லக்கா, வாயெல்லாம் புண்ணா இருக்கு. நாலு நாளாக் கஞ்சிகூட இறங்கல."

"எத்தனாம் நம்பரு உனக்கு?"

"அம்பத்திரெண்டுக்கா."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, "என்ன மாத்திரை சாப்பிடுற, காட்டு" என்றாள். அந்தப் பெண் மஞ்சப்பையிலிருந்து அட்டைகளை எடுத்தார். அதில் ஒன்று அம்மா சாப்பிடுகிற அதே மாத்திரை. மெத்தோட்ரெக்ஸேட். மஞ்சளாக, சின்னதாக இருக்கும். முடக்குவாதத்துக்கு முதலில் தருகிற மருந்து அது, நல்ல மருந்து, அம்மாவை நடக்க வைத்த மருந்து. அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை. தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண் வரும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதையே நிறுத்திவிடும், உயிருக்கே ஆபத்து.

அந்த அட்டையில் பன்னிரண்டு மாத்திரை காலியாக இருந்தது.

"எப்ப வாங்குனது இது?"

"பன்னெண்டு நாளாச்சுக்கா. தெனமும் ராத்திரி ஒண்ணு."

சீட்டில் வாரம் ஒரு முறை என்றுதான் இருந்தது, ஆங்கிலச் சுருக்கத்தில். ஊர் மருந்துக் கடையில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து "ராத்திரிக்கு ஒண்ணு" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் கவுண்டருக்கு ஓடினேன். "டோக்கன்படிதான் அக்கா" என்று அந்தப் பெண் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். அவள் மேல் தப்பு இல்லை. தினமும் பத்துப் பேராவது வந்து அவசரம் என்பார்கள். நான் கதவருகே நின்ற கம்பவுண்டர் அண்ணனிடம் அட்டையைக் காட்டி, "தெனம் ஒண்ணு சாப்பிட்டிருக்காங்க, வாய்ப்புண்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. உள்ளே போனார். அரை நிமிடத்தில் கதவு திறந்தது. டாக்டரம்மாவே வெளியே வந்து, "யாரும்மா அது?" என்று கேட்டார். ஹாலில் அத்தனை பேரும் விலகி வழி விட்டார்கள்.

அன்று ராத்திரியே அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்த அணுக்கள் மிகவும் குறைந்து போயிருந்தன. ஒன்பது நாள் கழித்து வீட்டுக்குப் போனார். இப்போதும் அம்மாவுக்குப் போன் பண்ணுவார், "அக்கா, சாப்டீங்களா" என்று.

அம்பத்திரெண்டாம் நம்பர் அன்றைக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று என் நோட்டில் எழுதி வைத்தேன். பதினொன்று இருபது. அதற்குள் கடைசி பஸ் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஒன்பது மணிக்கு எழுந்து போகிறவர்களில் ஒருவராக அவரும் போயிருப்பார், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பதின்மூன்றாவது மாத்திரையைச் சாப்பிட்டிருப்பார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

டோக்கன் நம்பருக்கு யார் முதலில் வந்தார்கள் என்பது மட்டும்தான் தெரியும். யாருக்கு முடியவில்லை என்பது தெரியாது. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள், உயிர் போகிற கேஸை முதலில் எடுக்கிறார்கள். தனியார் க்ளினிக்கின் மாலை நேர ஹாலில் அதைச் செய்ய ஆள் இல்லை. மூன்று மணி நேரம் அந்தப் பெண் அறுபது பேர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தது அம்மா மட்டும்தான்.

இவ்வளவு கூட்டத்தில் ஒவ்வொருவரையும் கவனிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் இதே மதுரையில் செய்து காட்டியிருக்கிறார்கள். டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது அங்கேதான். பதிவு, பார்வைச் சோதனை, கண்ணழுத்தம் என்று ஒவ்வொரு கட்டமாகப் பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்து, எழுதி, அடுத்த இடத்துக்கு அனுப்புகிறார்கள். டாக்டர்தான் செய்ய வேண்டும் என்கிற வேலை மட்டும் டாக்டருக்குப் போகிறது. ஆபரேஷன் அறையில் இரண்டு மேஜை போட்டு, ஒன்றில் முடிந்ததும் டாக்டர் அடுத்ததற்குத் திரும்பிவிடுகிற முறையும் அவர்களுடையது. அங்கேயும் காத்திருந்தோம், ஆனால் அரை மணிக்கு ஒருமுறை யாரோ ஒருவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினார்கள். அம்மாவுக்கு அந்த மருத்துவமனை மேல் இன்னொரு பாசமும் உண்டு. வெங்கடசாமிக்கும் முடக்குவாதம். இளம் வயதிலேயே வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி ஆயிரக்கணக்கான கண் ஆபரேஷன் செய்தவர். அங்கே மாட்டியிருக்கிற அவர் படத்தில் கையைத்தான் அம்மா முதலில் பார்த்தாள்.

என் மாமனாருக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு. முன்பு மாதாமாதம் அரசு மருத்துவமனைக்குப் போவார். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. ஒரு காலை முழுக்கப் போய்விடும். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. கொஞ்ச நாளில் அவர் ஊருக்கும் வந்தது. தன்னார்வலராக இருக்கிற அந்தப் பெண் வீட்டுக்கே வந்து, அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். மாறாத மாத்திரையை வாங்குவதற்காக ஒரு மனிதர் மூன்று வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று யாரோ யோசித்திருக்கிறார்கள் அல்லவா, அதற்கு நான் நன்றி சொல்கிறேன். முடக்குவாதக்காரர்களுக்கும் இப்படி ஏதாவது வர வேண்டும். ரத்த ரிப்போர்ட் நன்றாக இருக்கிற, மூட்டு வீக்கமில்லாத ஒருவரை ஒரு தடவை விட்டு ஒரு தடவை போனிலேயே பார்த்து அனுப்பினால் ஹாலில் கூட்டம் கணிசமாகக் குறையும். டாக்டரம்மாவிடமே இதைக் கேட்டேன். "பண்ணலாம்மா, ரிப்போர்ட்டை ஒழுங்கா அனுப்பணும், அதைப் பாத்து எடுத்து வைக்க ஆள் வேணும்" என்றார். ஆள் வேண்டும். எல்லாமே அங்கேதான் வந்து நிற்கிறது.

அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு எங்கள் க்ளினிக்கில் இரண்டு விஷயம் மாறியிருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் எழுதினால், அதற்குப் பக்கத்தில் "ஞாயிறு மட்டும்", "புதன் மட்டும்" என்று தமிழில் சிவப்பு மையில் எழுதிக் கொடுக்கிறார்கள். மருந்து வாங்கியதும் அட்டையைக் கொண்டுவந்து காட்டச் சொல்கிறார்கள், அதன் மேலும் எழுதுகிறார்கள். இன்னொன்று, கம்பவுண்டர் அண்ணன் தானாகவே ஆரம்பித்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை என்று கவுண்டர் பெண் சொன்னாள்.

5.30 மாறவில்லை. போன மாதமும் சீட்டில் அதுதான் இருந்தது. டீ மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு எட்டு மணிக்குப் போனோம். பதினெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் கைப்பிடியுள்ள நாற்காலி கிடைத்தது. தலையணையை வைத்து உட்கார்ந்தாள். சிவகங்கையிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள், அவர்களுக்கு 55. எங்கள் நாற்பத்தேழை அவர்களுக்குக் கொடுத்தோம்.

எட்டரை இருக்கும். கம்பவுண்டர் அண்ணன் கதவைச் சாத்திவிட்டு ஹாலுக்குள் வந்தார். வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி கேட்டார்: "யாருக்காவது காய்ச்சல் இருக்கா? வாய்ப்புண்ணு? மூச்சு வாங்குதா? கடைசி பஸ் இருக்கறவங்க யாரு?"

கடைசி வரிசையில், சுவரோரமாக, ஒரு பெரியவர் பாதிக் கையைத் தூக்கினார். எதற்கென்று அவர் இன்னும் சொல்லவில்லை. அம்மா கால்மாட்டில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அவர் வருவதற்கு வழி விட்டு.